வேலை நேரத்தில் படிப்பது களவாகுமா?

சென்ற மழைக்காலத்தில் ஒரு பௌர்ணமி நாளன்று, பெங்களூரில் எங்கள் சங்கத்தின் வழிபாடு முடிந்து உபாசக உபாசிகைகள் கலைந்து சென்ற பின்னர், ஓர் இளைஞர் மட்டும் பின்தங்கி நின்றார். வணிகவியல் பட்டப் படிப்பில் இரண்டாம் ஆண்டு மாணவர். தந்தை கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்து கிடப்பவர். தாய் இரண்டு வீடுகளில் பாத்திரம் துலக்குபவர். மகனுக்குப் பகலில் கல்லூரி, இரவில் ஒரு பொருட்கிடங்கில் பார்சல்களை ஊர் வாரியாகப் பிரித்து அடுக்கும் பகுதி நேர வேலை. அவர் என்னிடம் கேட்டவை இரண்டு கேள்விகள்.

“ஐயா, லாரி வராத நேரத்தில் மூட்டைகளின் மறைவில் உட்கார்ந்து பாடம் படிக்கிறேன். படிக்கக் கூடாது என்று மேற்பார்வையாளர் சொல்லியிருக்கிறார். அப்படியானால் அது இரண்டாம் சீலத்துக்குக் குற்றமா? எழுந்து வர முடியாத காலைகளில் வகுப்பில் என் எண்ணை அழைக்கும்போது நண்பன் ஒருவன் எனக்காகக் குரல் கொடுத்துவிடுகிறான். அது நான்காம் சீலத்துக்குக் குற்றமா?”

நான் சற்றும் தயங்கவில்லை. கூலி கொடுப்பவன் வாங்கியிருப்பது உன் நேரத்தை. அதை அவன் அறியாமல் வேறொன்றுக்குச் செலவிடுவது கொடுக்கப்படாததை எடுப்பதே என்றேன். வராதவன் வந்ததாகச் சொல்வது பொய். சொன்னவன் நண்பனாயினும் சொல்லச் செய்தவன் நீ என்றேன். “உறக்கத்தைக் குறைத்துக்கொள், தம்பி. பாபாசாகேப் நாளொன்றுக்குப் பதினெட்டு மணி நேரம் படித்தவர்” என்று, மேடைதோறும் நாம் சொல்லும் சொல்லையும் சேர்த்துச் சொல்லி அனுப்பிவைத்தேன். அன்றிரவு நல்ல தரும விடை பகர்ந்தோம் என்ற நிறைவோடு உறங்கினேன் என்பதையும் மறைப்பதற்கில்லை.

ஆறு வாரங்கள் சென்றன. பின்னிரவு மூன்றரை மணிக்கு வேலை முடிந்து நண்பரின் வண்டியில் வீடு திரும்பும் வழியில் அவர் கண்ணயர்ந்து, சாலை நடுவிலுள்ள தடுப்பில் மோதி விழுந்தார். காறை எலும்பு முறிந்தது. அப்பருவத் தேர்வு போயிற்று. மருத்துவமனையில் நான் சென்று பார்த்தபோது அவர் என்னைக் குறை கூறவில்லை. “நீங்கள் சொன்னபடியே நடந்தேன், ஐயா. அதன் பிறகு வேலை நேரத்தில் ஒரு நாளும் புத்தகத்தைத் திறக்கவில்லை” என்றார். நான் வருந்துவேனோ என்று அஞ்சி, எனக்கு ஆறுதலாக அதைச் சொன்னார். வீடு வந்து சேரும் வரை அச்சொல் என்னை விடவில்லை.

அன்பர்களே, சீலத்தை எடுத்துரைத்த வகையில் நான் பிழை சொன்னேனா? இல்லை என்றே இன்றும் நினைக்கிறேன். ஆயினும் சரியான சொல்லைக் கேட்டு நடந்த ஒருவர் எலும்பு முறிந்து கிடக்கிறார். ஆகவே அவர் என்னிடம் கேட்ட கேள்விக்குள், நான் கேட்கத் தவறிய வேறொரு கேள்வி இருந்திருக்க வேண்டும். அதைத் தேடவே இக்கட்டுரை.

தேடத் தொடங்கியதும் முதலில் எதிர்ப்பட்டது என்னுடைய வாழ்க்கையே. 1989 முதல் பதினாறு ஆண்டுகள் நான் நூற்பாலையில் சைடர் வேலை செய்தவன். ரிங் பிரேம் இயந்திரத்தின் இரு பக்கங்களிலும் நடந்துகொண்டே, அறுந்த இழைகளைக் கண்டு ஒட்டுவது அவ்வேலை. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டிருந்த நான், ஆலையில் சேர்ந்த நான்காம் ஆண்டில் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத விரும்பினேன். இரவு ஷிப்டின் கடைசி ஒரு மணி நேரம், பஞ்சுக் கூடைகளுக்குப் பின்னால் அமர்ந்து கணக்குப் போட்டுப் பார்ப்பேன். அந்த ஒரு மணி நேரமும் என் இயந்திரங்களை யார் பார்த்தார்? பக்கத்துச் சைடரான ஒரு பெரியவர். நான் கேட்காமலே அவர் முன்வந்தார். தம் இரண்டு இயந்திரங்களோடு என் இரண்டையும் சேர்த்து, மூன்று மாத காலம், மூட்டு வலியோடு ஓடினார். அவருடைய பக்கத்தில் இழைகள் மிகுதியாக அறுந்து கிடந்ததாக எழுதப்பட்டு, இரண்டு முறை அவருடைய கூலியில் பிடித்தம் செய்யப்பட்டது. எனக்கு ஒரு முறையும் பிடிக்கவில்லை.

நான் முதல் முறை கணக்கில் தவறி, இரண்டாம் முறை தேறினேன். அந்தப் பிடித்தத் தொகையை அவருக்கு நான் திருப்பித் தரவேயில்லை. தர வேண்டும் என்று எண்ணிய காலத்தில் கையில் பணமில்லை; பணம் வந்த காலத்தில் அவர் ஊரில் இல்லை; பின்னர் அவர் மறைந்த செய்திதான் வந்தது. சங்கக் கூட்டங்களில் என்னை அறிமுகம் செய்வோர், தானே கற்றுத் தேர்ந்த தொழிலாளி என்று சொல்வதுண்டு. நானும் தலை குனிந்து அதை ஏற்றுக்கொள்வதுண்டு. நான்காம் சீலத்தைப் பற்றி அவ்விளைஞருக்கு எடுத்துரைத்த அதே நாவால், இத்தனை ஆண்டுகளாக நான் ஒரு பொய்யை மறுக்காமல் இருந்து வந்திருக்கிறேன். நான் தானே கற்றவன் அல்லன். மற்றொருவருடைய கால்கள் எனக்காக நடந்தன.

இனி அந்த இளைஞருடைய ஒரு நாளைக் கணக்கிட்டுப் பார்ப்போம். நாமெல்லாம் அவருடைய ஒழுக்கத்தைக் கணக்கிட்டோமேயன்றி, அவருடைய மணிகளைக் கணக்கிடவில்லை. கல்லூரியில் 6 மணி நேரம். போகவர நகரப் பேருந்தில் 2 மணி நேரம். தந்தையைத் தூக்கி உட்கார வைத்துக் குளிப்பாட்டவும் தண்ணீர் பிடிக்கவும் ஒன்றரை. கிடங்கில் 5. அங்கே போகவர 1. உண்ணவும் குளிக்கவும் உடுத்தவும் ஒன்றரை. ஆக 17 மணி நேரம். எஞ்சுவன 7. அதில் ஒன்றரை மணி நேரம் வீட்டில் படித்து, ஐந்தரை மணி நேரம் உறங்கி வந்தார். லாரி வராத இடைவெளிகளில் கிடைத்தது இன்னொரு ஒன்றரை மணி நேரப் படிப்பு. என் விடை பறித்துக்கொண்டது இதைத்தான். அது உறக்கத்திலிருந்து ஈடு செய்யப்பட்டது. ஐந்தரை நான்காயிற்று, அதுவும் பின்னிரவில் பாதியும் மாலையில் பாதியுமாகத் துண்டுபட்ட உறக்கம்.

நான் ஆலையில் இருந்த காலத்தில் நடப்பிலிருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு. வயது வந்த தொழிலாளி ஒருவர் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்த அதே நாளில் மற்றொரு தொழிற்சாலையிலும் வேலை செய்ய அது பொதுவாக இடம் தரவில்லை. மனித உடல் ஒரு நாளில் தாங்குவதற்கு ஓர் எல்லை உண்டு என்பதைச் சட்டம் எழுதியவர்கள் அறிந்திருந்தார்கள். ஆனால் ஒரு வேலையும் ஒரு கல்லூரியும் சேர்ந்தால் அவை இரண்டு வேலை என்று எச்சட்டமும் எண்ணுவதில்லை. கல்லூரி தன் 75 விழுக்காடு வருகையைக் கேட்கிறது. கிடங்கு தன் ஐந்து மணி நேரத்தைக் கேட்கிறது. இரண்டும் தத்தம் பங்கில் நியாயமானவையே. இரண்டையும் கூட்டிப் பார்ப்பவர் எவருமில்லை. அந்தக் கூட்டல் இருபது வயதுப் பிள்ளையின் உடலில் நடக்கிறது.

பாபாசாகேபின் பதினெட்டு மணி நேரத்தைச் சொன்னேன் அல்லவா? அதையும் சற்று நின்று பார்க்க வேண்டும். 1913இல் அவர் நியூயார்க் நகரத்துக் கொலம்பியாப் பல்கலைக்கழகத்திற்குச் சென்றபோது, பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் மாதம் பதினொன்றரைப் பவுன் உதவித்தொகை அளித்தார். அதில் மிச்சம் பிடித்து அவர் வயிற்றைச் சுருக்கியது உண்மை. புத்தகங்களோடு கிடந்ததும் உண்மை. ஆனால் அந்நாள்களில் அவருடைய இரவை எந்தக் கிடங்கும் வாங்கியிருக்கவில்லை. உதவித்தொகையின் காலம் முடிந்தபோது என்ன நேர்ந்தது? 1917இல் இலண்டன் படிப்பைப் பாதியில் விட்டுத் தாயகம் திரும்பினார். 1918இல் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராகி, சம்பளத்தில் சேமித்து, கோல்ஹாப்பூர் மன்னர் சாகு மகராஜின் உதவியையும் நண்பர் நவல் பதேனாவிடம் பெற்ற கடனையும் அதனோடு சேர்த்து, 1920இல் மீண்டும் கப்பலேறினார். 1923இல் டாக்டர் பட்டம் பெற்றார். அத்துணை ஆற்றல் படைத்தவருக்கும், படிப்பதற்கான நேரத்தை முன்னதாக யாரேனும் விலை கொடுத்து வாங்கித் தர வேண்டியிருந்தது. சில ஆண்டுகள் மன்னர் வாங்கித் தந்தார். சில ஆண்டுகள் தாமே முன்கூட்டி உழைத்து வாங்கினார். நாமோ அவருடைய வாழ்விலிருந்து பதினெட்டு மணி நேரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, பதினொன்றரைப் பவுனை விட்டுவிட்டோம்.

அவர் தாம் பட்டதை மறக்கவில்லை. வைசிராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் பொறுப்பு வகித்த அவர் 1946ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கொண்டுவந்த சட்டத் திருத்தத்தால், ஆண்டு முழுவதும் இயங்கும் தொழிற்சாலைகளில் வாரத்துக்கு 54 மணி என்றிருந்த வேலை நேரம் 48 மணியாயிற்று. அதே 1946ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், முந்திய ஆண்டு அவர் நிறுவிய மக்கள் கல்விக் கழகத்தின் சார்பில் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரி திறக்கப்பட்டது. பகலில் அலுவலகத்திற்கோ வேறு பணிக்கோ செல்ல வேண்டியவர்களும் படிக்கும்படி அங்கே காலை வகுப்புகள் அமைந்தன. வேலை நேரத்தின் பக்கத்தில் ஆறு மணி நேரத்தை வெட்டி, கல்லூரியின் கதவை விடியற்காலையில் திறந்து, இரண்டும் ஒருவருடைய நாளுக்குள் அடங்கும்படி அவர் செய்தார். உறக்கத்தைக் குறைத்துக்கொள் என்று தொழிலாளிக்கு உபதேசித்து அவர் நிற்கவில்லை. இந்த இரு செயல்களையும் ஒரே ஆண்டில் வைத்து எண்ணிப் பார்க்கும் வழக்கம் நமது மேடைகளில் இல்லாதது ஒரு குறையே.

உழைத்துக்கொண்டே படிக்கும் மாணவர் இக்காலத்துக்குப் புதியவரும் அல்லர். திலமுட்டி ஜாதகத்தில் தட்சசீலத்து ஆசிரியரிடம் பயின்ற இருவகை மாணவர் பேசப்படுகின்றனர். கட்டணம் செலுத்துவோர் ஆசிரியர் வீட்டில் மூத்த பிள்ளைகள் போல் இருந்து கல்வி ஒன்றையே கற்பர். கட்டணம் செலுத்த இயலாதோர் பகலெல்லாம் ஆசிரியருக்குப் பணி செய்து இரவில் கற்பர். இரண்டாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட பழங்கதை. இன்றும் இருவகையினரும் ஒரே வகுப்பில் அருகருகே அமர்ந்திருக்கின்றனர். அக்கதையில் ஒரு கிழவி காய வைத்திருந்த எள்ளை எடுத்துத் தின்று அடி வாங்குபவன் ஒருவன் வருகிறான். அவன் பகலில் உழைத்து இரவில் கற்றவன் அல்லன். ஆயிரம் காசு கட்டணம் கொண்டுவந்த காசி இளவரசன். களவைப் பற்றிப் பேசத் தொடங்கினால் ஏழை மாணவரையே முதலில் நோக்கும் என் போன்றோர் அதை நினைவில் வைக்க வேண்டும்.

சக்கவத்தி சீகநாத சுத்தத்தில் பகவன் களவின் பிறப்பைக் காரணத்தோடு விளக்குகிறார். அரசன் நாட்டைக் காவல் செய்தான். ஆனால் பொருளற்றவர்க்குப் பொருள் ஈயவில்லை. அதனால் வறுமை பெருகிற்று. வறுமையால் களவு பிறந்தது. களவை ஒடுக்க எழுந்த வாளால் கொலையும், கொலைக்கு அஞ்சிப் பொய்யும் பிறந்தன. களவு குற்றமன்று என்று பகவன் எங்கும் சொல்லவில்லை. ஆனால் குற்றத்தின் வேரைத் தேடி, கொடுக்க வேண்டியதைக் கொடாதவனிடம் போய் நிற்கிறார். நான் அந்த இளைஞரிடமே நின்றுவிட்டேன்.

ஆகையால் இப்பொழுது என் விடை என்ன? வருகைப் பதிவில் நண்பனைக் குரல் கொடுக்கச் செய்வது பொய்யே. அதில் நான் மாறவில்லை. அது அந்த நண்பனையும் சிக்கலில் மாட்டும். அதற்கு மாறாகப் பேராசிரியரிடமோ முதல்வரிடமோ நேரில் சென்று நிலையைச் சொல்ல வேண்டும். தனியே போகத் தயங்கும் பிள்ளையோடு சங்கத்தார் ஒருவர் துணை செல்ல வேண்டும். வேலை நேரத்தில் படிப்பதைப் பற்றி எனக்கு முன்போல் உறுதியில்லை. லாரி வந்துகொண்டிருக்கும்போது மறைந்து படித்தால், அவர் தூக்க வேண்டிய மூட்டையை மற்றொருவர் தூக்குகிறார். அந்தப் பெரியவருக்கு நான் செய்தது அதுவே, அது களவே. லாரி வராத வேளையில் சும்மா அமர்ந்திருப்பவர் ஏட்டைத் திறந்தால் யாரிடமிருந்து எது எடுக்கப்படுகிறது? தடை விதிக்கப்பட்டிருப்பதால் ஒளிந்து செய்வது மனத்தைக் கெடுக்கும் என்பது மட்டும் மெய். வெளிப்படையாகக் கேட்டுப் பார்க்கலாம். பின்னர் இவ்விளைஞர் கேட்டும் பார்த்தார். மேற்பார்வையாளர் முடியாது என்றார். அந்த மேற்பார்வையாளருக்கும் அவருக்கு மேல் ஒருவர் உண்டு.

சங்கத்துப் பெரியவர் ஒருவர் என் பேச்சைக் கேட்டுச் சினந்தார். “நாமெல்லாம் இதைவிடத் துன்பப்பட்டோம், துன்பப்படாமல் வந்த கல்வி நிலைக்காது” என்றார். உழைப்பால் படிப்புக்கு உரம் ஏறுவதை நானும் மறுக்கவில்லை. நூல் முறுக்கேறாவிட்டால் பஞ்சாய்ப் பிரிந்துவிடும். முறுக்கு ஏற ஏற வலுவும் ஏறும்; ஓரளவுக்கு மேல் ஏறினாலோ வலு குறைந்து, நூல் தன்மேல் தானே திருகிக்கொண்டு பட்டென அறும். வீணையின் நரம்பை எடுத்துக்காட்டிச் சோணருக்குப் பகவன் அருளியதும் இத்தகையதே. ஆனால் சோணர் செல்வர் வீட்டுப் பிள்ளை. தம் நரம்பைத் தாமே இறுக்கியவர், தாமே தளர்த்தவும் முடிந்தது. எங்கள் ஆலையில் முறுக்கின் அளவை முடிவு செய்தது நூல் அன்று.

செய்யக்கூடியவை சில உண்டு. மூன்றாண்டில் முடித்தேயாக வேண்டும் என்ற பிடிவாதத்தைப் பெற்றோர் விடலாம். 1985இல் நிறுவப்பட்ட இந்திராகாந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் மூன்றாண்டு இளங்கலைப் படிப்பை ஆறாண்டு வரை நீட்டி முடிக்க இடமுண்டு. பெங்களூரில் மாலைக் கல்லூரிகள் உள்ளன. காலம் நீள்வது இழிவன்று. பட்டியல் சாதி மாணவர்க்கான மெட்ரிக்குக்குப் பிந்திய உதவித்தொகை 1944இல் தொடங்கியது. 1990ஆம் ஆண்டுத் திருத்தம் பௌத்தம் தழுவிய நம்மவருக்கும் பட்டியல் சாதித் தகுதியை அளித்தது. அவ்வுதவிக்கு இவ்விளைஞரும் விண்ணப்பித்திருந்தார். பணம் வந்தது, கல்லூரி கட்டணம் கேட்ட மாதத்தில் வரவில்லை, தேர்வு முடிந்து இரண்டு மாதம் கழித்து வந்தது. அந்த இடைவெளிக்காகத்தான் அவர் கிடங்குக்கே போனார். எனவே இடைவெளியை அடைப்பதே நம் போன்ற சிறு சங்கத்தால் ஆகக்கூடியது என்று தோன்றியது.

தேர்வு மாதத்தில் மட்டும், பகுதி நேர வேலையில் கிடைத்திருக்கக்கூடிய கூலியைச் சங்கம் கொடுத்து, அம்மாதம் மாணவர் வேலைக்குப் போகாமல் இருக்கச் செய்வது என்று ஏற்பாடு செய்தோம். திருப்பித் தரும் கட்டாயமில்லை. அந்தப் பெரியவருக்கு நான் தர வேண்டியிருந்ததை, என்னால் ஆன வட்டியோடு, முதல் தொகையாகச் செலுத்தினேன். அது அவருக்குச் சேரவில்லை என்பதை அறிவேன்.

இளைஞர் எலும்பு கூடித் தேறி, இப்போது மாலைக் கல்லூரிக்கு மாறியிருக்கிறார். பகலில் ஒரு மருந்துக் கடையில் ஐந்து மணி நேர வேலை. கடைக்காரர் ஆள் வராத நேரத்தில் படிக்க விடுகிறார். ஆகவே முதற்கேள்வி அவரளவில் தீர்ந்துவிட்டது. வரும் தேர்வு மாதத்துக்குச் சங்கத்திடம் உதவி கேட்டு இதுவரை ஐந்து பிள்ளைகள் எழுதியிருக்கிறார்கள். நிதி இருவருக்கே போதுமானதாக உள்ளது. அடுத்த பௌர்ணமியன்று வழிபாட்டுக்குப் பின் அந்த ஐந்து விண்ணப்பங்களையும் எடுத்து வைத்துக்கொண்டு அமர வேண்டும்.